ஆர்பிட்டல் சாண்டர்: தூசி, பேட், கார்பன், பேரிங்

குமரி மாவட்டத்து மரப்பட்டறைகளுக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. அந்த ஈரக்காற்றில், தேக்கு, அயனி, பலா, ரப்பர் மரத் தூசிக்கு நடுவில்தான் மரத்தை உப்புத்தாளால் தேய்க்கும் கை மெஷினான சாண்டரின், நிமிடத்துக்கு 12,000 சுற்று வரை ஓடும் சின்ன மோட்டார் வேலை செய்தாக வேண்டும். தூசி உள்ளே தங்கும், காற்றோட்டம் அடைபடும், மோட்டார் சூடாகும். சாண்டரின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் இந்த வரிசைதான். "மோட்டார் எரிஞ்சு போச்சு" என்று மூலையில் போடப்பட்ட மெஷினைத் திறந்து பார்த்தால், பலமுறை, மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கும், வயர் உள்ளே அறுந்திருக்கும், அல்லது உப்புத்தாள் ஒட்டும் தட்டான பேட்டின் பேரிங் இறுகியிருக்கும். மூன்றும் பட்டறையிலேயே சரிசெய்யக்கூடியவை. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ சர்வீஸ் சென்டர் தேடிப் போகும் முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கே சொல்வது பெரும்பாலும் 5 இன்ச், அதாவது 125 மி.மீ. வட்டப் பேட் வைத்த, 250 முதல் 300 வாட் ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டரைப் பற்றி. பெல்ட் சாண்டருக்கும் சதுர சாண்டருக்கும் மாறுகிற விஷயங்கள் கடைசியில் வருகின்றன.

திறப்பதற்கு முன்

பிளக்கை உருவி, கண்ணுக்கு எதிரே மேசைமேல் வையுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. இரண்டு முள் பிளக்கை எப்படித் திருப்பியும் செருகலாம். மெஷினிலுள்ள சுவிட்ச் ஒரு வயரை மட்டும் துண்டிக்கிற வகையாக இருந்து, அது நியூட்ரல் பக்கம் விழுந்துவிட்டால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் மோட்டாரின் சுழலாத சுருளான ஃபீல்டு காயில், கார்பன், கார்பன் உரசும் செம்புப் பட்டை வளையமான கம்யூடேட்டர் எல்லாவற்றிலும் 230 வோல்ட் நிற்கும். ரேடியோ இரைச்சலைத் தடுக்க உள்ளே ஒரு சின்ன கெபாசிட்டரும் இருக்கும். பிளக்கை உருவிய பிறகு சுவிட்சை ஒருமுறை போட்டுவிட்டு, இரண்டு நிமிடம் கழித்துத் திறக்கவும். கெபாசிட்டரின் கால்களைத் தொடும் முன் மல்டிமீட்டரால் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷின் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது. அதற்கு எர்த் வயர் கிடையாது. பிளாஸ்டிக் உடலே உங்கள் பாதுகாப்பு. எனவே உடைந்த பிளாஸ்டிக் கூட்டை அலுமினிய டேப்பால் ஒட்டுவது, தொலைந்த திருகாணிக்குப் பதில் நீளமான ஒன்றைப் போடுவது இரண்டும் ஆபத்து. நீளத் திருகாணியின் முனை உள்ளே போய்க் காயிலைத் தொட்டால், வெளியே தெரியும் அதன் தலையில் கரண்ட் வந்துவிடும். உடல் விரிசல் விட்டிருந்தால் புதுக் கூடு வாங்குங்கள், அல்லது மெஷினை ஓய்வுக்கு அனுப்புங்கள். பட்டறை லைனில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்யும் இடங்களில் அது இல்லாமல் எந்தக் கை மெஷினையும் ஓட்டக் கூடாது.

வாரண்டி உள்ள மெஷினைத் திறக்காதீர்கள். வெளியே மூடி வைத்த கார்பனை மாற்றுவதைப் பொதுவாகக் கம்பெனிகள் பயனரே செய்ய விடுகின்றன. அதற்கு மேல் போனால் வாரண்டி போய்விடும்.

தினசரிச் சுத்தம்

வேலை முடிந்ததும் தூசிப் பையைக் கழற்றிக் காலி செய்யுங்கள். வேலையின் நடுவிலும் பை பாதி நிரம்பும் முன்பே தட்டிவிடவும். பை நிறைந்தால் உறிஞ்சல் குறையும். உறிஞ்சல் குறைந்தால் தூசி டிஸ்க்குக்கும் (பேட்டில் ஒட்டும் வட்ட உப்புத்தாள்) மரத்துக்கும் நடுவில் தங்கி, உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும். பேட் சூடாகும். மிச்சத் தூசி மோட்டார் துளை வழியாக உள்ளே போகும். பாலியூரிதேன், ஆளிவிதை எண்ணெய் பாலீஷ் தேய்த்த தூசியை இரவு முழுக்கப் பையில் விட்டுவைக்கவே கூடாது. எண்ணெய்ப் பூச்சுத் தூசி காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடாகி, குவியலுக்குள் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய இரும்பு வாளியில் கொட்டிப் பட்டறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். தேய்க்கும் பலகையில் ஆணித்தலை தெரிந்தால் முதலில் உள்ளே இறக்குங்கள். ஆணியில் டிஸ்க் பட்டுப் பறக்கும் பொறி பைக்குள் போனால் நேரம் கழித்துத்தான் புகை தெரியும்.

காற்றடிக்கும்போது கம்ப்ரஸர் அழுத்தம் 2 முதல் 3 பார் போதும். மழைக்காலத்தில் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்ட பிறகே மெஷின் பக்கம் குழாயைக் கொண்டுபோங்கள். ஈரக்காற்றை அடித்தால் தூசி மாவாகி, மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரில் ஒட்டிக் காய்ந்துவிடும். ரப்பர் மரம் தேய்ப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம், பூச்சி அரிக்காமலிருக்க போராக்ஸ், போரிக் அமிலம் ஏற்றியும் வரும். அதன் தூசி மிக மென்மையாக எல்லா இடுக்கிலும் போய் உட்காரும். முதலில் மேல் துளைகளில் அடியுங்கள், பிறகு பேட் பக்கத்திலிருந்து மேல்நோக்கி. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துளைக்குள் ஆணியோ கம்பியோ விட்டுக் குடையாதீர்கள், காயில் எனாமல் கீறிவிடும். உடலைத் துடைக்க ஈரத்துணியில் கொஞ்சம் சோப்பு போதும். தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கில் விரிசல் விழ வைக்கும்.

தூசி மெஷினுக்கு மட்டும் கெடுதல் என்று எண்ண வேண்டாம். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. தேக்குத் தூசி பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். துண்டை மூக்கில் கட்டுவது பெரிய துகளைத்தான் தடுக்கும், என்95 முகக்கவசம் வேண்டும். பழைய வீட்டுக் கதவு, ஜன்னல்களின் பெயின்ட்டைச் சாண்டரால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைச் சேர்த்து அப்புறப்படுத்துவதே சரி. குழந்தைகள் நடமாடும் முற்றத்தில் அந்த வேலையே வேண்டாம்.

பேட்டும் பிரேக் ரப்பரும்

ஆர்பிட்டல் சாண்டரில் அதிகம் அடிபடுவது பேட். அதன் அடியிலுள்ள வெல்க்ரோ கொக்கிகள் சூட்டில் உருகும், முதலில் விளிம்பில் உருகும். மெஷினைச் சாய்த்து ஓரத்தால் தேய்ப்பவர்களின் பேட்டை எடுத்துப் பார்த்தால், நடுவில் கொக்கி புதுசாக நிற்கும், சுற்று விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வழவழவென்று பளபளக்கும். டிஸ்க் பறந்து போவது அதனால்தான். டிஸ்க் போடாமல் மெஷினை மரத்தில் வைப்பதும் கொக்கியை அழிக்கும். கையை அழுத்தி வைத்தால் வேலை வேகமாக நடக்கும் என்பது தவறான எண்ணம். மெஷின் எடையும் கை எடையும் போதும். அழுத்தினால் பேட் திரும்புவது நின்று அதிர்வு மட்டும் மிஞ்சும். அப்போது மரத்தில் பன்றி வால் மாதிரிச் சுருள் கீறல் விழும், பாலீஷ் போட்ட பிறகுதான் அது கண்ணில் படும்.

அதே சுருள் கீறல் பிரேக் ரப்பர் தேய்ந்தாலும் வரும். பேட் ஒரு பேரிங்கில் தன்னிச்சையாகத் திரும்பும்படி மாட்டப்பட்டிருக்கிறது. மெஷினைக் காற்றில் தூக்கிப் பிடித்தால் பேரிங்கின் இழுப்பில் பேட் வேகம் ஏறி, மோட்டார் வேகத்தையே எட்டிவிடப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் பேட்டின் முதுகை உரசியபடி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சோதனை எளிது. மெஷினைக் காற்றில் பிடித்து ஓட்டுங்கள். பேட் நிதானமாகத் திரும்பினால் சரி. சில நொடிகளில் சத்தம் ஏறி விர்ரென்று சுழன்றால் ரப்பர் போய்விட்டது. அந்த வேகத்தோடு மரத்தில் வைத்தால் முதல் தொடுதலிலேயே பிறை போல ஒரு பள்ளம்.

மாற்றும்போது பிளக்கை உருவி, பேட் திருகாணிகளைக் கழற்றுங்கள். சில மாடலில் நடுவில் ஒன்று, சிலவற்றில் மூன்று அல்லது நான்கு. பேட் வந்ததும் தெரியும் ரப்பர் வளையத்தை எந்தப் பக்கம் மேல் என்று போட்டோ எடுத்துக்கொண்டு உருவுங்கள். அதன் பள்ளத்தில் ஒட்டிய தூசியைத் துடைத்து, புதியதை முறுக்கில்லாமல் உட்கார வையுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது, பட்டால் பிரேக்கே இல்லாதது போலத்தான். பேட் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். 5 இன்ச் என்பது மட்டும் போதாது. திருகாணித் துளைகளின் இடைவெளி, தூசித் துளை 8 ஆ 5 ஆ என்பது, மையத்தின் உயரம் எல்லாம் ஒத்துவர வேண்டும். திருகாணிகளில் புரி கழலாமல் பிடிக்கும் நீல நிற திரெட் லாக்கர் பசை ஒரு சொட்டு விடுங்கள். அதிர்வில் கழன்ற பேட் திருகாணி பெரிய விபத்துக்கு வழி.

மோட்டார் தண்டின் கீழே ஒரு பக்கம் கனமான எதிர் எடையும் தூசி உறிஞ்சும் விசிறியும் சேர்ந்திருக்கும். அதைக் கழற்ற நேர்ந்தால் தண்டுக்கும் எடைக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்ட பிறகே கழற்றவும். விசிறி இதழ் ஒன்று உடைந்திருந்தால் முழுதாக மாற்றவும். அந்தச் சமன்கேட்டோடு ஓடினால் கை மரத்துப் போகும், மேல் பேரிங்கும் சேர்ந்து போய்விடும்.

கார்பன்

ஓடிக்கொண்டிருந்த மெஷின் விட்டுவிட்டு ஓடினால், அல்லது தட்டினால் மட்டும் ஓடினால், முதலில் கார்பனைப் பாருங்கள். சில மாடல்களில் வெளியே இரண்டு வட்ட மூடிகள் இருக்கும், அகலமான மைனஸ் ஸ்க்ரூடிரைவரால் கழற்றலாம். மற்றவற்றில் கூட்டைத் திறக்க வேண்டும். கார்பனை உருவும் முன் அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பென்சிலால் குறியுங்கள். அதன் முனை கம்யூடேட்டரின் வளைவுக்கேற்ப தேய்ந்திருக்கும். திருப்பிப் போட்டால் விளிம்பு மட்டும் தொட்டுப் பொறி கிளம்பும்.

எல்லைக்கோடு இருந்தால் அதுவரை தேய்ந்ததும் மாற்றவும். கோடு இல்லையென்றால், புதியதன் மூன்றில் ஒரு பங்கு நீளம் மிஞ்சும்போது மாற்றிவிடுங்கள். எப்போதும் ஜோடியாக. சில கார்பன்களின் உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக் முள்ளும் இருக்கும். எல்லை தாண்டியதும் முள் வெளியே தள்ளிக் கார்பனைக் கம்யூடேட்டரிலிருந்து தூக்கிவிடும், மெஷின் சட்டென்று நிற்கும். மோட்டாரைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது. எந்த வாடையும் இல்லாமல் திடீரென நின்ற மெஷினில் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கடையில் அதே அளவு இல்லையென்று பெரிய கார்பனை உரசிச் சிறிதாக்கிப் போடுவது இங்கே பரவலான பழக்கம். தடிமன் சரியாகிவிடும், கடினம் சரியாகாது. கடினமான கார்பன் கம்யூடேட்டரில் பள்ளம் தோண்டும், மென்மையானது வாரத்துக்குள் கரைந்து உள்ளே கரித்தூளாகப் படியும். பார்ட் நம்பர் பார்த்து அசலையே வாங்குங்கள். கார்பன் அதன் பித்தளைக் கூட்டில் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. இறுகினால் கூட்டினுள் படிந்த கரியைப் பருத்தித் துணியால் துடையுங்கள். ஸ்பிரிங் நிறம் மாறித் தொய்ந்திருந்தால் அதையும் மாற்றவும். புதுக் கார்பன் போட்ட பிறகு, வேகக் கட்டுப்பாடு இருந்தால் குறைத்து வைத்து, 10 முதல் 15 நிமிடம் சும்மா ஓட்டுங்கள். முனை வளைவு படிந்ததும் பொறி அடங்கும்.

கம்யூடேட்டரைப் படிப்பது

கார்பன் வெளியே இருக்கும்போதே ஆர்மேச்சரைக் கையால் மெல்லச் சுற்றி, கம்யூடேட்டரின் செம்புப் பட்டைகளைப் பாருங்கள். ஒரே சீரான காபி நிறம் ஆரோக்கியம். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. எல்லாப் பட்டையும் கருத்திருந்தால் கரியும் தூசியும் படிந்திருக்கிறது. 600 நம்பர் உப்புத்தாளை ஒரு மெல்லிய பட்டையாக வெட்டி, கையால் சுற்றியபடி லேசாகத் தொடுங்கள். எமரி துணி வேண்டாம், அதன் கரடான துகள் பட்டைகளுக்கு நடுவே சிக்கும். பிறகு பட்டைகளுக்கு நடுவிலுள்ள கோடுகளை ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் கருகி விளிம்பு குழிந்திருந்தால், அந்தப் பட்டையோடு சேர்ந்த காயில் அறுந்திருக்கிறது. ஓடும்போது துளை வழியே பார்த்தால் கம்யூடேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமே தெரிந்தால் காயில் ஷார்ட். இரண்டுக்கும் உப்புத்தாள் மருந்தில்லை. மல்டிமீட்டரில் ஓம் வைத்து அடுத்தடுத்த பட்டைகளின் நடுவே அளந்துகொண்டே ஒரு சுற்று வாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குதித்தால் அறுந்தது, மிகக் குறைந்தால் ஷார்ட். எந்தப் பட்டைக்கும் தண்டுக்கும் நடுவே மின் தொடர்ச்சி இருக்கவே கூடாது.

இந்தச் சின்ன ஆர்மேச்சரை வைண்டிங் கட்டக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பம்ப் மோட்டார் கட்டுகிற நல்ல கைகள் ஊரில் உண்டு. ஆனால் 12,000 சுற்றில் ஓடுவதற்குக் கட்டிய பிறகு சமன் பார்க்க வேண்டும், வார்னிஷ் ஏற்றிச் சுட வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் கட்டியது அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். புது ஆர்மேச்சர் வாங்குவதே மேல்.

வயரும் சுவிட்சும்

மெஷின் செத்ததுபோல் கிடந்தால் கார்பனுக்கு அடுத்த சந்தேகம் வயர். பெரும்பாலும் கைப்பிடி அருகே ரப்பர் ஸ்லீவுக்குள் அல்லது அதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் செம்பு இழை அறுந்திருக்கும், மேல்தோல் நன்றாகவே இருக்கும். பிளக்கை உருவி, கூட்டைத் திறந்து, பிளக் முள்ளிலிருந்து உள்முனை வரை ஒவ்வொரு வயரையும் தொடர்ச்சி பாருங்கள். பார்க்கும்போதே வயரை வளையுங்கள். பீப் விட்டுவிட்டு வந்தால் அந்த இடம்தான். கரண்ட் வைத்துக்கொண்டு வயரை ஆட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாட்டு.

அறுந்த இடத்தைத் தாண்டி 15 செ.மீ. வெட்டிவிட்டு நல்ல முனையை உள்ளே இணைக்கவும். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சாண்டருக்கு ஆகாது. மாற்றுவதென்றால் 0.75 அல்லது 1 சதுர மி.மீ. இரண்டு கோர் ரப்பர் கேபிள். வயரை இழுத்தால் இணைப்பில் இழுவிசை போகாதபடி உள்ளே ஒரு பிடிப்பான் உண்டு. அதை விட்டுவிட்டுக் கூட்டை மூடக் கூடாது. எக்ஸ்டென்ஷன் 25 மீட்டர் வரை என்றால் 1.5 சதுர மி.மீ. செம்பு, சுருளை முழுக்க விரித்துத்தான் ஓட்ட வேண்டும்.

வேகக் கட்டுப்பாடு உள்ள மாடலில் சுவிட்சைப் போட்டு பிளக் முள்ளில் ஓம் பார்த்தால் எதுவும் காட்டாமல் போகலாம். எலெக்ட்ரானிக் தட்டில் கரண்டைத் திறந்து மூடும் ட்ரையாக், மீட்டரின் சின்ன வோல்டேஜில் திறக்காது. அதை வைத்து மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டாமல், தட்டுக்கு அப்பால் ஃபீல்டு காயிலையும் ஆர்மேச்சரையும் தனித்தனியாக அளக்கவும். தூசி போய் இறுகிய சுவிட்சை ஸ்ப்ரே அடித்துச் சரிக்கட்டினால் ஒரு வாரம் ஓடும், பிறகு ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். புதிதாக மாற்றுங்கள்.

பேரிங்

பிளக்கை உருவி, கார்பனையும் எடுத்துவிட்டு, பேட்டைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று உணர்ந்தால், அல்லது பேட்டை மேலும் கீழும் ஆட்டும்போது டக் டக்கென்று இடம் கொடுத்தால் பேட் பேரிங். பேட்டைக் கழற்றிய பிறகும் தண்டு கரகரத்தால் ஆர்மேச்சர் பேரிங். சீல் வைத்த பேரிங்குக்குள் ஆயிலோ துரு ஸ்ப்ரேயோ விடுவது வீண். உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைக்கும், வழிந்து கம்யூடேட்டரைக் கெடுக்கும்.

பழைய பேரிங்கின் ஓரத்தில் 608, 6000, 6001 போல ஒரு எண் இருக்கும். அதே எண்ணில் வாங்குங்கள். 6001 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, அகலம் 8 மி.மீ. எண்ணுக்குப் பின்னே இசட் இசட் என்றிருந்தால் தகட்டு மூடி, 2 ஆர்.எஸ். என்றிருந்தால் ரப்பர் சீல். பேட் பக்கத்துக்கு ரப்பர் சீல்தான் வேண்டும், தகட்டு மூடியின் இடுக்கில் மரத்தூசி சுலபமாக நுழையும். கழற்றப் புல்லர் பயன்படுத்துங்கள். மாட்டும்போது தண்டில் ஏற்றுவதென்றால் உள்வளையத்தை மட்டும் தள்ள வேண்டும், கூட்டுக்குள் இறக்குவதென்றால் வெளிவளையத்தை மட்டும். சரியான அளவு சாக்கெட்டை வைத்து நேராக அழுத்தினால் போதும். தவறான வளையத்தில் சுத்தியல் பட்டால் பேரிங் முதல் நாளே முனக ஆரம்பிக்கும்.

மூடுவதும் முதல் ஓட்டமும்

திறந்தபோது எடுத்த போட்டோவைப் பார்த்து ஒவ்வொரு வயரையும் அதன் பள்ளத்தில் அழுத்தி வையுங்கள். இரண்டு பாதிக் கூட்டுக்கு நடுவே நசுங்கிய வயர்தான் பழுதுபார்த்த பிறகு ஷாக் அடிப்பதற்கு முக்கியக் காரணம். கூடு லேசாக அழுத்தும்போதே சேராவிட்டால் உள்ளே ஏதோ வெளியே நிற்கிறது, திருகாணியால் இழுத்து மூடாதீர்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகாணியை வைத்தவுடன் முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். டிக் என்று பழைய புரியில் விழுவது விரலில் தெரியும். அதன் பிறகு முறுக்குங்கள். இல்லாவிட்டால் புதுப் புரி வெட்டி, மூன்று நான்கு முறையில் துளை தளர்ந்துவிடும்.

காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் 500 வோல்ட் மெகர் கிடைத்தால், சுவிட்சை ஆன் செய்து, இரண்டு பிளக் முள்ளையும் சேர்த்து ஒரு முனையிலும், வெளியே தெரியும் உலோகப் பாகத்தை மறுமுனையிலும் வைத்துப் பாருங்கள். 2 மெகாஓமுக்குக் குறைவாக இருந்தால் பயன்படுத்தக் கூடாது. முதல் ஓட்டத்துக்கு ஊர் எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும், பல்பு வழியாகவே மெஷினுக்குக் கரண்ட் போகும் சீரிஸ் போர்டு நல்லது, 200 வாட் குண்டு பல்போடு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. மெஷின் மெல்ல அசைந்து சுழல ஆரம்பித்தால் நேரடி லைனில் போடலாம். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மோட்டார் அசையவே இல்லையென்றால் ஷார்ட் அல்லது இறுக்கம், திரும்பத் திறக்கவும். நேரடி லைனில் டிஸ்க் இல்லாமல், காற்றில் பிடித்து 5 நிமிடம் ஓட்டி, கருகல் வாடை, புது அதிர்வு, கைப்பிடிச் சூடு மூன்றையும் கவனியுங்கள்.

மற்ற சாண்டர்கள்

சதுர சாண்டரில் பேட் சுற்றுவதில்லை, அதிர மட்டும் செய்யும். அதைத் தாங்கும் ரப்பர் கால்கள் வெடித்தால் சத்தம் கூடும், நான்கையும் சேர்த்து மாற்றவும். தாளைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்தால் தாள் கிழிந்துகொண்டே இருக்கும்.

பெல்ட் சாண்டரில் பெல்ட்டின் உட்புற அம்புக்குறி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பெல்ட் ஒரு பக்கம் ஓடினால் டிராக்கிங் குமிழைக் கால் சுற்று அளவாகத் திருப்பிச் சரிசெய்யவும். பெல்ட் உரசி மெஷின் உடலையே வெட்டிவிடும், தாமதிக்காதீர்கள். மோட்டார் ஓடியும் பெல்ட் ஓடவில்லையென்றால் பக்க மூடிக்குள் இருக்கும் பல் பெல்ட் அறுந்திருக்கும். அடித்தகட்டின் மேலிருக்கும் கிராஃபைட் துணி ஓட்டை விழுந்தால் தகடு சூடேறி பெல்ட்டின் ஒட்டு பிரியும். பெல்ட்டுகளை ஆணியில் மடித்துத் தொங்கவிடாமல், மூடிய டப்பாவில் வட்டமாக விரித்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சாரல் மாதங்களில் திறந்து கிடந்த பெல்ட்டின் ஒட்டு, போட்ட நிமிடத்திலேயே விட்டுவிடும்.